பின்னால் வருவது குற்றமான கதை

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் மாலை பஸ். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் செய்த முதல் வேலை, கழுத்தில் தொங்கிய காலேஜ் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டதுதான். பெயரும் போட்டோவும் டிபார்ட்மென்ட்டும் உள்ள பக்கம் உள்ளே போனது. வெளியே தெரிந்த பின்பக்கத்தில் ரத்த வகை, அப்பாவின் செல் நம்பர், புதூர்நாடு என்று முடியும் முகவரி. அதைக் குனிந்து பார்த்தவள், அட்டையைக் கயிற்றோடு கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகுதான் முதுகைச் சாய்த்தாள்.

அடிவாரம் தாண்டியதும் பேச்சு வந்தது. மூன்று மாதமாக ஒருவன். காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். காலேஜ் கேட் வரை வருவான். சாயங்காலம் திரும்ப ஸ்டாண்டு வரை. நம்பர் எப்படியோ கிடைத்திருக்கிறது. பிளாக் செய்தால் வேறு நம்பரிலிருந்து அழைப்பு. கையைப் பிடித்தானா, அசிங்கமாகப் பேசினானா என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒண்ணும் பண்ணல. பின்னாலயேதான் வரான்."

அவளைப் பற்றி இதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன். அவள் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒண்ணும் பண்ணல, பின்னாலயேதான் வரான். 1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் 153 வருஷம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெண்ணின் மேல் கை வைத்தால் 354-ஆம் பிரிவு. அவள் மானத்துக்குக் குறைவாக ஒரு சொல் சொன்னாலோ சைகை காட்டினாலோ 509. தொடாமல், பேசாமல், தினமும் பின்னால் நடப்பவனுக்குப் பிரிவே கிடையாது. தெரு பொது, அவனும் நடக்கிறான். கை வைத்தால் வாம்மா என்பதுதான் அந்தப் பழைய சட்டத்தின் பொருள்.

சட்டத்தில் பெயர் இல்லாததற்கு ஊரில் மட்டும் சரியான பெயர் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 'ஈவ் டீசிங்' என்றோம். ஏதோ விளையாட்டுச் சீண்டல் போல ஒலிக்கும் சொல் அது. வெட்டு விழுந்த பிறகு செய்தித்தாள் 'ஒருதலைக் காதல்' என்று தலைப்புப் போட்டது. காதல் என்ற சொல்லை அதில் சேர்த்ததே பிழை என்று நினைக்கிறேன். நம் இலக்கணக்காரர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். ஒரு பக்கத்து விருப்பத்தைத் தொல்காப்பியம் கைக்கிளை என்று பிரித்து, ஒத்த அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. பின்னால் சுற்றச் சுற்ற ஒருநாள் அவள் மனம் இளகிவிடும் என்ற பாடம் எந்தத் திணையிலும் இல்லை. அதைக் கற்றுக் கொடுத்தது சினிமா. எத்தனை படங்களில் கதாநாயகன் பஸ் ஸ்டாப்பில் நின்று, பின்னாலேயே போய், அவள் திட்டத் திட்டச் சிரித்து, கடைசியில் ஜெயித்தான் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அந்தப் பஸ் ஸ்டாப் காட்சியில் அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் என்ன செய்தது என்று எந்தக் கேமராவும் காட்டியதில்லை.

உலகத்திலும் இந்தக் குற்றத்துக்கு வயது குறைவுதான். 1989 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையை, வெகுநாள் அவரைத் துரத்திக்கொண்டிருந்த ஒருவன் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு 1990-ல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் இதற்கென்று வந்த முதல் சட்டம் அது. அவர்கள் இதற்கு எடுத்த சொல் 'ஸ்டாக்கிங்'. வேட்டைக்காரன் சத்தம் காட்டாமல் மானைப் பின்தொடர்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல். ஜவ்வாது மலைக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தொடாமல் பின்னால் வருபவன் எதற்கு வருகிறான் என்று மானுக்குத் தெரியும்.

நம் நாட்டில் கதை ஒரு சட்டக் கல்லூரி மாணவியிடமிருந்து தொடங்குகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த பிரியதர்ஷினி மட்டூ. அதே வளாகத்தில் படித்த ஒருவன் அவரை விடாமல் தொடர்ந்தான். அவன் தந்தை காவல்துறை உயர் அதிகாரி. பிரியதர்ஷினி பயந்து ஒடுங்கியவர் அல்ல. 1995-ல் போலீசில் மீண்டும் மீண்டும் புகார் கொடுத்தார். போலீஸ் அவருக்கு ஒரு பாதுகாவலரைக் கூடக் கொடுத்தது. பாதுகாவலர் கொடுக்கும் அளவுக்கு ஆபத்து என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் அவனைப் பிடித்து உள்ளே வைக்க, 'பின்தொடர்ந்தான்' என்று ஒரு குற்றம் புத்தகத்தில் இல்லை. 1996 ஜனவரி 23 அன்று தான் இருந்த வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். 1999-ல் விசாரணை நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. 2006-ல் டெல்லி உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லி மரண தண்டனை விதித்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதி செய்து, தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சட்டம் படித்த பெண், சட்டத்தின் எல்லாக் கதவையும் முறையாகத் தட்டிய பெண் அவர்.

பிரியதர்ஷினி கொல்லப்பட்டு இரண்டு வருஷம் கழித்துச் சென்னை. 1998 ஜூலையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா கல்லூரிக்கு அருகே தோழியோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டம் சீண்டியது. அதில் ஒருவன் மேலே வந்து விழ, சரிகா தலை தரையில் மோதிச் சாய்ந்தார். பிழைக்கவில்லை. நகரமே கொதித்தது. சில வாரங்களுக்குள் அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டம், 1998 ஆனது. சட்டத்தின் பெயரிலேயே அந்த விளையாட்டுச் சொல் ஒட்டியிருந்தது. 2002-ல் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை எடுத்து, 'துன்புறுத்தல்' என்று மாற்றினார்கள். போலீஸ் செய்திகளில் 'பெண் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு' என்று இன்று நாம் படிப்பது இந்தச் சட்டத்தைத்தான்.

இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு உண்டு. மலைக்குப் பஸ் ஏறுகிற பெண் ஒவ்வொருத்திக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஓடும் பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்வதாகப் பெண் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேரே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போக வேண்டும். 'இறங்கிப் போய்ச் சண்டை போடுங்க' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. கல்லூரி, பஸ் நிலையம், ரயில் நிலையம், சினிமா கொட்டகை, கோயில் ஆகியவற்றின் பொறுப்பில் இருப்பவர்களும் தம் எல்லைக்குள் இது நடக்காமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

அந்தப் பஸ் பிரிவு தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. 1999 ஜூலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்ததாக ஒருவர் மீது இதே சட்டத்தில் வழக்குப் பதிவானது. அவர் ஒரு காவலர். காவல்துறை அவரை வேலையை விட்டு நீக்கியது. பிறகு குற்ற வழக்கில் விடுதலையானார். உயர் நீதிமன்றம் திரும்ப வேலை கொடுக்கச் சொல்ல, வழக்கு டெல்லி வரை போனது. 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் பணிநீக்கம் சரியென்று சொன்னதோடு நிற்காமல் நாடு முழுக்கப் பொருந்தும் கட்டளைகள் பிறப்பித்தது. பஸ் ஸ்டாண்டுகளிலும் கல்லூரி அருகிலும் மப்டியில் பெண் போலீஸ், கேமராக்கள், எச்சரிக்கைப் பலகைகள், உதவி எண்கள், புகார் வந்தால் பஸ்ஸை ஸ்டேஷனுக்கு விடுவது. விடாவிட்டால் பர்மிட் ரத்து. தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் வாய் திறந்ததால், இந்தியாவில் எந்த மூலையில் பஸ் ஏறும் பெண்ணுக்கும் ஒரு பிடி கிடைத்தது.

அதே நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. 14-ஆம் தேதி போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 11-ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதையும் கண்காணிப்பதையும் போன் மூலம் தொடர்புகொள்வதையும் பாலியல் தொந்தரவு என்கிறது. பதினெட்டு முடியாத எல்லாரும் அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான். பிளஸ் டூ முடித்த கையோடு காலேஜில் சேரும் பல பெண்களுக்கு முதல் செமஸ்டரில் பதினேழுதான் நடக்கும். அவர்களுக்கு இன்றும் இதுதான் வலுவான கவசம்.

அடுத்த மாதம் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை எல்லாருக்கும் தெரியும். மத்திய அரசு டிசம்பர் 23 அன்று நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு அமைத்தது. லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் மற்ற இருவர். ஏறக்குறைய 80,000 கருத்துகள் வந்து குவிந்தன. 29 நாளில் வேலையை முடித்தார்கள். அறிக்கை கொடுத்த நாள் 2013 ஜனவரி 23. பிரியதர்ஷினி மட்டூ கொல்லப்பட்டுச் சரியாகப் பதினேழு வருஷம். தேதி தற்செயலாக அமைந்ததுதான். அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை பெண்கள் 'ஒண்ணும் பண்ணல' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

பிப்ரவரியில் அவசரச் சட்டம், மார்ச்சில் நாடாளுமன்றம். பின்தொடர்வதைக் குற்றமாக்குவதில் அங்கே முணுமுணுப்பு எழுந்தது. நம்மில் பெண்கள் பின்னால் போகாதவர் யார் என்ற பொருளில் மூத்த தலைவர் சரத் யாதவ் மக்களவையில் பேசியது பதிவில் இருக்கிறது. முதல் முறை சிக்கினால் ஜாமீனில் விடலாம் என்று பிரிவைத் தளர்த்தினார்கள். அப்படித் தளர்ந்தும், 354-ஈ என்ற பிரிவு கடைசியில் பிறந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் 354-டி. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 2024 ஜூலை 1 முதல் அது 78-ஆம் பிரிவு.

அந்தப் பிரிவு இரண்டு கால்களில் நிற்கிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவளைப் பின்தொடர்ந்து, பழகுவதற்காகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் அல்லது கொள்ள முயன்றால் குற்றம். அவள் இணையம், மின்னஞ்சல், போன் பயன்பாட்டை நோட்டம் விட்டாலும் குற்றம். மத்தியச் சட்டப்படி முதல் முறை மூன்று வருஷம் வரை சிறை, மறுமுறை ஐந்து வருஷம் வரை. தொட்டிருக்க வேண்டியதில்லை. அசிங்கமாகப் பேசியிருக்க வேண்டியதில்லை. 'பின்னாலயே வரான், வேணாம்னு சொல்லியும் திரும்பத் திரும்ப போன் பண்றான்' என்பதே முழுப் புகார்.

இதைச் சொன்னபோது பஸ்ஸில் அந்தப் பெண் நம்பவில்லை. "தெளிவா காட்டறதுன்னா? நான் தலைய குனிஞ்சி வேகமா போயிடுவன்க்கா." கேள்வி நியாயமானது. தலை குனிந்து வேகமாகப் போவதே மறுப்புதான் என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரியும். கோர்ட்டில் அதை நிரூபிப்பதுதான் கஷ்டம். எனவே ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மெசேஜ்: எனக்கு விருப்பமில்லை, இனி தொடர்புகொள்ளாதே. கோபமோ விளக்கமோ வேண்டாம். அதற்குப் பிறகு எத்தனை வந்தாலும் பதில் கூடாது. வந்ததை அழிக்கவும் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான இன்னொருவருக்கு அனுப்பி வைக்க வேண்டும். பயத்தில் முதலில் நாம் செய்வது எல்லாவற்றையும் அழிப்பதுதான். அவளும் அதைத்தான் செய்திருந்தாள்.

சட்டம் பிறந்துவிட்டது என்பதால் சாவு நின்றுவிடவில்லை. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை, அவரைத் தொடர்ந்து வந்தவன் ரயில் முன் தள்ளிக் கொன்றான். அந்தப் பெண்ணின் தாயார் காவல்துறையில் பணியாற்றியவர். ஏட்டில் உள்ள பிரிவு ஸ்டேஷன் மேசைக்கு வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் மலையில் இன்னும் கூடுதல்.

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. ஜவ்வாது மலையின் இந்த நாடுகளில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமையும் புளியும் பலாவும் தேனும் வாழ்க்கை. மேல்படிப்பு என்றால் பெண் கீழே இறங்கியாக வேண்டும். பல வீடுகளில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவ்வளவு தூரம் வந்த பெண்ணை ஊருக்குத் திருப்பி அனுப்ப, பின்னால் வரும் ஒருவன் போதும்.

"வீட்ல சொன்னா காலேஜ நிறுத்திடுவாங்கக்கா." இதுதான் அவள் மூன்று மாதம் வாய் திறக்காததற்குக் காரணம். அவனுக்குப் பயந்ததை விட இதற்குத்தான் அதிகம் பயந்தாள். அப்பா கெட்டவர் அல்ல. மகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். காலேஜை நிறுத்து, மாப்பிள்ளை பார். தப்பு செய்தவன் பஸ் ஸ்டாண்டிலேயே இருப்பான், இவள் வீட்டுக்குள் போவாள்.

வீட்டில் சொல்லாத காலத்தில் நடப்பது இன்னொரு விதம். முதலில் லைப்ரரி போகும். அவன் நிற்கும் நேரம் தெரிந்து, அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்கக் கடைசி பீரியடை விட்டுவிட்டு ஓடுவாள். பிறகு ஸ்பெஷல் கிளாஸ். பிறகு தோழிகளோடு டீ. போன் அதிர்ந்தால் நெஞ்சு படபடக்கும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, பாடம் தலையில் ஏறாது. செமஸ்டர் முடிவில் காலேஜ் கணக்கில் இதெல்லாம் ஒரே சொல்லாகிவிடும்: அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ். கண்டோனேஷன் ஃபீஸ் கட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தாளோ அவரையே கூட்டி வரச் சொல்வார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி வேறு மாதிரி சொல்கிறது. 2016-ல் அறிவிக்கப்பட்ட அந்த விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் அதில் உட்கார வேண்டும். புகார் தந்தவரின் பெயரை வெளியே விடக்கூடாது. வருகைப் பதிவில் தளர்வு தரலாம், மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம், போலீசுக்குப் போக விரும்பினால் கல்லூரி கூடவே நிற்க வேண்டும். கல்லூரி பஸ்ஸும் வளாகத்தில் சேரும். அரசு பஸ் சேராது. ஆனால் அங்கே 1998 சட்டத்தின் பஸ் பிரிவு காத்திருக்கிறது. அட்டெண்டன்ஸ் குறைகிற பெண்ணைத் திட்டுவதற்கு முன் ஒரு டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு 'யாராவது தொந்தரவு பண்றாங்களாம்மா' என்று கேட்டால், பல கதைகள் அந்த அறையிலேயே திசை மாறும்.

மலைப் பெண்ணுக்குத் தனியாக இன்னொரு பலமும் உண்டு. பின்தொடர்பவன் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவனாக இருந்து, இவள் பழங்குடிப் பெண் என்று தெரிந்தே பாலியல் தன்மையுள்ள சொல்லோ செயலோ சைகையோ செய்தால், பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். அந்த வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று யோசிக்க வேண்டாம். பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழி காட்டும். 181 மகளிர் உதவி எண், இணையக் குற்றப் புகாருக்கு 1930, ஆபத்து கண்முன் நின்றால் 112. எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று அனுப்பக்கூடாது.

அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது 2025-ல் வந்ததுதான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்முறைக்குப் பிறகு, ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் தண்டனைகளைக் கூட்டும் மசோதாவை நிறைவேற்றியது. 1998 சட்டத்தையும் திருத்தியது. அதில் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று சேர்ந்தது. நேரிலோ, ஆள் வைத்தோ, போனிலோ அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று அவனுக்குத் தடை போடும் ஆணை. "அப்ப நான் நிக்க வேண்டாம், அவன்தான் நிக்கணுமா?" என்றாள். காலேஜிலிருந்து என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

இந்த மலையில் சட்டம் தூரத்துப் பொருளாக இருந்த காலமும் மாறி வருகிறது. புதூர்நாட்டை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண், பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 2024-ல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அந்தப் பெயரைச் சொன்னதும், "தெரியும்க்கா, எங்க ஸ்கூல்ல போட்டோ ஒட்டியிருந்தாங்க" என்று முதல் முறையாகச் சிரித்தாள்.

கடைசியாக ஒன்று சொன்னேன். இன்று முதல் எழுதி வை. தேதி, நேரம், இடம், எந்த பஸ், கூட யார் இருந்தார்கள், எந்த நம்பரிலிருந்து அழைப்பு. ஸ்டேஷனில் பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் நோட்டு பேசும்.

பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு நாலு கட்டம் பிரித்தாள். மலைப்பாதை வளைவுகளில் எழுத்து தாறுமாறாக ஓடியது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். பாதை நேரானதும் விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.